கடை சாத்தும் நேரமும் பிள்ளை தூங்கும் நேரமும்

பலசரக்குக் கடைக்காரனுக்குத் தன் பிள்ளையின் முகம் பெரும்பாலும் தூங்குகிற முகமாகத்தான் தெரியும். விடியற்காலை பால் வண்டிக்கு முன்னால் எழுந்து கடை திறக்கிறோம். இரவு ஒன்பதரைக்கு ஷட்டரை இறக்கி, கல்லாவை எண்ணி, சிட்டையைப் பார்த்துக் கடன் நோட்டில் ஏற்றிவிட்டு வீடு வந்து சேரும்போது பத்தரை ஆகிவிடுகிறது. பிள்ளை பாயில் சுருண்டு கிடக்கும். காலையில் அது எழும்போது நாம் கடையில் இருப்போம். ஞாயிற்றுக்கிழமை இருக்கிறதே என்பார்கள். ஞாயிற்றுக்கிழமைதான் கறிமசாலாவும் எண்ணெயும் அதிகம் போகிற நாள் என்பது கேட்பவர்களுக்குத் தெரியாது.

இது புதிய குறை அல்ல. நம் தகப்பனார் காலத்திலும் இப்படித்தான் இருந்தது. ஆனால் அன்று திண்ணை இருந்தது, திண்ணையில் அப்பத்தா இருந்தார். தகப்பன் வருகிற வரைக்கும் பிள்ளைகளைக் கதை பிடித்து வைத்திருந்தது. கதை முடிவதற்குள் பாதிப் பிள்ளைகள் தூங்கிவிடும். மறுநாள் விட்ட இடத்திலிருந்து கேட்கும். இன்று அந்த இடத்தில் இருப்பது என்ன என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. கல்லாவுக்குப் பின்னால் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து, கண் இமைக்காமல் கைப்பேசி பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையை நம் கடைத்தெருவில் எந்தக் கடையிலும் காணலாம். கொடுத்தது நாம்தான். வாடிக்கையாளர் நிற்கிறார், பிள்ளை அழுகிறது, அந்த நேரத்தில் வேறு என்ன செய்வது என்று கேட்பவர்களை நாம் குற்றம் சொல்ல வரவில்லை. நாமும் கொடுத்தவர்கள்தாம்.

ஆனாலும் வியாபாரி என்பவன் கணக்குப் பார்க்கிறவன். எது வருகிறது, எது போகிறது என்று பார்க்கத் தெரிந்தவன். இந்த விஷயத்திலும் ஒரு முறை கணக்குப் பார்த்துவிடலாம் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் குடுமியான்மலையை எடுத்துக்கொள்வோம். புதுக்கோட்டையிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் இருக்கிற ஊர். பழைய பெயர் திருநலக்குன்றம். வெளியூர்க்காரர்கள் கார் போட்டுக்கொண்டு வந்து மண்டபத்துச் சிற்பங்களைப் பார்த்துவிட்டு, நம் கடையில் தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டு போகிறார்கள். ஊர்ப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு ஊரின் பெயர் எப்படி வந்தது என்று தெரியும்? கேட்டுப் பார்த்தோம். பத்துப் பிள்ளைகளில் மூன்று பேர் சொன்னார்கள். அந்த மூன்று பேர் வீட்டிலும் பாட்டி இருக்கிறார்.

கதை நமக்குத் தெரிந்ததுதான். கோயில் பூசை செய்தவர் ஒரு நாள் சாமிக்கு உரிய மாலையைத் தமக்குப் பிரியமானவள் தலையில் சூட்டிவிட்டார். அந்த நேரம் பார்த்து ராஜா தரிசனத்துக்கு வந்துவிட்டார். வேறு மாலை இல்லை. அவசரத்தில் அதே மாலையை வாங்கிச் சாமிக்குச் சாத்தி, பிரசாதமாக ராஜாவிடம் கொடுத்தார். மாலையில் ஒரு தலைமுடி. ‘இது என்ன?’ என்று ராஜா கேட்க, பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னார்: ‘சாமிக்குக் குடுமி உண்டு, மகாராஜா.’ ‘அப்படியானால் காட்டும்’ என்றார் ராஜா. பூசகர் நடுங்கிப் போய்ச் சாமியை வேண்ட, லிங்கத்தின் உச்சியில் குடுமி முளைத்ததாம். சாமி சிகாநாதர் ஆனார், ஊர் குடுமியான்மலை ஆயிற்று.

இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது பெரியவர்கள் ‘பிரியமானவள்’ என்பதை ‘வீட்டுக்காரி’ என்று மாற்றிச் சொல்வது வழக்கம். அதில் தப்பில்லை. எங்கே நிறுத்தி எங்கே நீட்டுவது என்பது சொல்கிறவர் கையில் இருக்கிறது. ராஜா மாலையைக் கையில் வாங்கும் இடத்தில் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். பிள்ளை மூச்சை அடக்கிக்கொண்டு நம் முகத்தையே பார்க்கும். நம் சங்க உறுப்பினர் ஒருவர் ஆறு வயது மகளுக்கு இதைச் சொன்னபோது அவள் கேட்டாளாம்: ‘பூசாரி பொய் சொன்னார். சாமி ஏன் அவரைத் திட்டலே? ஏன் காப்பாத்துச்சு?’ அவர் திகைத்துப் போனார். மறுநாள் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார். உப்பு வாங்க வந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், ‘பயந்தவனைப் பார்த்தா சாமிக்குப் பாவமா இருந்திருக்கும்’ என்றார். சிறுமிக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை என்று கேள்வி. ராஜா நிஜத்தைச் சொல்லச் சொல்லியிருக்க வேண்டும் என்கிறாளாம்.

கைப்பேசியில் ஓடுகிற படம் இந்தக் கேள்வியைக் கேட்க விடாது. அது நிற்பதில்லை; பிள்ளை கேட்டாலும் பதில் சொல்லாது; ஒன்று முடிந்ததும் அடுத்ததைத் தள்ளும். கதை சொல்கிறவரோ பிள்ளை கேட்டால் நிறுத்துவார். நம்மைப் பொறுத்தவரை கதையில் இருக்கும் லாபத்தில் பாதி அந்த நிறுத்தத்தில்தான் இருக்கிறது.

கோயில் மண்டபமே ஒரு படப் புத்தகம். ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் சிற்பங்கள். வாலியும் சுக்ரீவனும், ரதியும் மன்மதனும், அனுமனும் நரசிம்மமும். மலைமேல் பாறையில் ரிஷப வாகனத்தில் சிவனும் பார்வதியும், இரு பக்கமும் வரிசையாக 63 நாயன்மார்கள். நாயன்மாருக்கு ஒரு கதை வீதம் சொன்னாலும் இரண்டு மாதத்துச் சரக்கு கையில் இருக்கிறது. காசு கொடுத்து வாங்க வேண்டாம். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனால் போதும்.

அங்கேயே இன்னொன்றும் இருக்கிறது. குடைவரைக்குப் பக்கத்துப் பாறையில் சுமார் 13 அடிக்கு 14 அடி அளவில் ஓர் இசைக் கல்வெட்டு. 7-ஆம் நூற்றாண்டு எழுத்து என்று கல்வெட்டு அறிஞர்கள் கருதுகிறார்கள். ஏழு பிரிவுகளாகச் சுரங்களைக் கிரந்த எழுத்தில் வெட்டி வைத்திருக்கிறார்கள். மகேந்திரவர்மப் பல்லவன் வெட்டியது என்று நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். ஆராய்ச்சியாளர்களிடையே அதில் கருத்து வேறுபாடு உண்டு. நமக்கு முக்கியம் அது அல்ல. அதன் முடிவில், ருத்ராசாரியார் என்பவரின் சீடனான ஓர் அரசன், மாணாக்கரின் நன்மைக்காக இதைச் செய்வித்தான் என்று எழுதியிருக்கிறது. நம் ஊர்ப் பாறையில் இருப்பது போர் வெற்றியோ நில தானமோ அல்ல, பிள்ளைகள் படிப்பதற்கான பாடம். அதன் நிழலில் கடை வைத்திருக்கிற நாம் பிள்ளைக்கு ஒரு பக்கம் வாசித்துக் காட்ட நேரமில்லை என்று சொல்வது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

நம் மாவட்டத்துக்கு இதில் இன்னும் உரிமை உண்டு. குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா 1922-இல் பிறந்த இராயவரம் நம் மாவட்டத்தில் திருமயம் பக்கம்தான் இருக்கிறது. வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே பிள்ளைகளுக்குப் பாட்டும் கதையும் எழுதினார். பகல் முழுதும் பணக் கணக்கு, மிச்ச நேரத்தில் பிள்ளைகள் என்று வாழ்ந்தவர். 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தொடங்க முன்னின்றார். 1989-இல் காலமானார். சக்தி காரியாலயம் நடத்திய வை. கோவிந்தனும் அதே இராயவரத்துக்காரர். பாரதியார் கவிதைகளை ஏழைகளும் வாங்கும் விலைக்கு அச்சிட்டவர். சரக்கு நல்லதாக இருந்தால் விலையைக் குறைத்து அதிகம் பேருக்குப் போகவிடலாம் என்று கண்டவர், அதாவது நம் இனம். புதுக்கோட்டை நகரிலிருந்தே ஒரு காலத்தில் பல சிறுவர் இதழ்கள் வெளிவந்தன. தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்குக் கதை ஏற்றுமதி செய்த ஊர் நம்முடையது. இன்று நம் வீட்டு அலமாரியில் ஒரு கதைப் புத்தகம் இல்லை.

இங்கே ஒரு நண்பர் குறுக்கிட்டார். ‘எழுதுவதெல்லாம் சரி. எங்கள் வீட்டில் வாசித்துக் காட்ட யார் இருக்கிறார்கள்? நான் கடையில். மனைவி மத்தியானம் வரை எனக்கு உதவி, பிறகு சமையல். அம்மா பள்ளிக்கூடம் போகாதவர்.’

அம்மா பள்ளிக்கூடம் போகாதவர் என்பது உண்மை. ஆனால் எழுத்து தெரியாதவர் என்பது உண்மையா? 1991-இல் நம் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்ததை நாம் மறந்துவிட்டோம். திருமதி ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலம். மாலை நேரங்களில் திண்ணையிலும் மரத்தடியிலும் கோயில் வாசலிலும் பெண்கள் சிலேட்டோடு உட்கார்ந்தார்கள். கல் உடைத்த பெண்களும் வயல் வேலைப் பெண்களும் கையெழுத்துப் போடக் கற்றார்கள். பல்லாயிரம் பேர் சைக்கிளும் ஓட்டக் கற்றார்கள். 1992-இல் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாகப் புதுக்கோட்டை அறிவிக்கப்பட்டது. அன்று 25, 30 வயதில் சிலேட்டு பிடித்தவர்கள் இன்று 60 வயதை ஒட்டிய பாட்டிமார்கள். இதை யாரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. நம் கிராமங்களில் பல வீடுகளில் கதையும் தெரிந்து, எழுத்தும் தெரிந்த முதல் பாட்டி தலைமுறை இதுதான். அவருக்கு முந்தைய பாட்டிக்குக் கதை தெரியும், எழுத்து தெரியாது. அடுத்து வரப்போகும் பாட்டிக்கு எழுத்து தெரியும், கதை மறந்திருக்கும். இரண்டும் உள்ளவர் இன்று வீட்டில் தொலைக்காட்சித் தொடர் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

உண்மைதான், பலருக்கு எழுத்து மங்கிப்போயிருக்கும். பயிற்சி விட்டுப்போனால் எழுத்து துருப்பிடிக்கும். கண்ணாடியும் வேண்டியிருக்கும். பெரிய எழுத்தும் படமும் உள்ள குழந்தைப் புத்தகம் அவருக்குப் பொருத்தமானது. பேரப்பிள்ளையும் அப்பத்தாவும் சேர்ந்து எழுத்துக்கூட்டினால் யார் யாருக்குச் சொல்லித் தருகிறார் என்று தெரியாது. தெரியவும் வேண்டாம்.

கதையாகச் சொல்வது போதாதா, வாசித்தும் காட்ட வேண்டுமா என்ற கேள்வி நியாயமானது. இரண்டுக்கும் பலன் வேறு. வீட்டில் பேசுகிற தமிழ் வேறு, புத்தகத்துத் தமிழ் வேறு. ‘வந்துச்சு’ என்று பேசும் பிள்ளை முதல் வகுப்பில் ‘வந்தது’ என்ற சொல்லைக் கண்டு விழிக்கிறது. எழுத்து தெரியாததால் அல்ல, அந்தத் தமிழைக் காதால் கேட்காததால். மூன்று வயதிலிருந்தே யாராவது மடியில் வைத்து வாசித்துக் காட்டினால், பள்ளிக்கூடம் போகுமுன் காதுக்கு அந்தத் தமிழ் பழகிவிடும். ஆங்கிலப் பள்ளிக்குப் போகிற பிள்ளைக்கு இது இன்னும் அதிகம் பொருந்தும். வீட்டைத் தவிர அதற்குத் தமிழ் கிடைக்கிற இடம் வேறில்லை. கட்டணம் கட்டியாகிவிட்டது, இனி அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நாம் இருப்பது, சரக்குக்கு முன்பணம் அனுப்பிவிட்டு லோடு வந்ததா என்று பார்க்காமல் இருப்பது போலத்தான்.

இப்போது நம் கடைக்கு வருவோம். ஒரு காலத்தில் நம் கடையே ஊருக்கு நூலகமாக இருந்தது. அது நமக்கே தெரியாது. பழைய பேப்பரைக் கிலோக் கணக்கில் வாங்கி, கிழித்து, கூம்பு சுருட்டி, துவரம்பருப்பும் மிளகும் மடித்துச் சணல் கட்டிக் கொடுத்தோம். பருப்பைக் கொட்டிய பிறகு அந்தக் காகிதத்தைப் பிள்ளைகள் நீவி நீவிப் படித்தார்கள். அம்புலிமாமாவின் கிழிந்த பக்கம், தொடர்கதையின் நடுப்பகுதி, யாரோ ஒருவருடைய பரீட்சைத் தாள். முன்னும் பின்னும் இல்லாத கதைக்குத் தானே முடிவு கட்டிக்கொண்ட பிள்ளைகள் உண்டு. பொட்டலக் காகிதத்தில் படிக்கத் தொடங்கினேன் என்று மேடையில் சொல்லும் பெரியவர்களை நாம் கேட்டிருக்கிறோம்.

அது போய்விட்டது. முதலில் பாலிதீன் பை வந்தது. பிறகு கம்பெனி பாக்கெட்டும், சரம் சரமாகத் தொங்கும் ஷாம்புவும் வந்தன. பாலிதீன் பைக்கு 2019 ஜனவரியில் தமிழக அரசு தடை போட்டபோது பழைய பேப்பருக்கே திரும்பலாமா என்று நம்மில் சிலர் நினைத்தார்கள். ஆனால் அச்சிட்ட செய்தித்தாளில் உணவுப் பொருளை மடிக்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு விதி 2018-இலேயே வந்துவிட்டது. அச்சு மையில் உடம்புக்கு ஆகாதது உண்டு என்பதால் அந்த விதி சரியானதே; அதை எதிர்த்து நாம் கொடி பிடிக்கப் போவதில்லை. இருந்தாலும் பிள்ளைக்கு நம் கடையிலிருந்து தற்செயலாகப் போய்க்கொண்டிருந்த எழுத்து நின்றுபோனது. இனி தெரிந்தே கொடுத்தால்தான் உண்டு.

எப்படிக் கொடுப்பது? சிப்ஸ் பாக்கெட் தொங்குகிற கயிற்றில் பத்துக் கதைப் புத்தகங்களைக் கிளிப் போட்டுத் தொங்கவிடலாம். 16 பக்கம், 24 பக்கம் உள்ள படக்கதைப் புத்தகங்களை நேஷனல் புக் டிரஸ்ட், தூளிகா, பிரதம் புக்ஸ், பாரதி புத்தகாலயம் முதலானவர்கள் தமிழில் வெளியிடுகிறார்கள். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987 முதல் துளிர் என்ற சிறுவர் மாத இதழை நடத்தி வருகிறது. அச்சிட்ட புத்தகத்துக்கும் குழந்தைகள் படப் புத்தகத்துக்கும் ஜி.எஸ்.டி. கிடையாது. 2025 செப்டம்பர் 22 முதல் பள்ளி நோட்டுக்கும் பென்சிலுக்கும் ரப்பருக்கும்கூட வரி இல்லை. ஆகவே கணக்குத் தொல்லை இல்லாத சரக்கு. கெட்டுப்போகாது, எலி மட்டும் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

லாபம் பெரிதாக இருக்கும் என்று நாம் பொய் சொல்லமாட்டோம். நம் சங்கத்தில் ஒருவர் முயன்று பார்த்தார். முதல் மாதம் பன்னிரண்டு புத்தகம் வாங்கிப் போட்டதில் மூன்று போயின. ஒன்றை யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவர் அதற்குக் கவலைப்படவில்லை. ‘எண்ணெய் பாட்டில் திருடுபோனதைவிட இது பரவாயில்லை’ என்றார். பிறகு அவருக்கு ஒரு யோசனை வந்தது. விற்காத புத்தகங்களைக் கடையிலேயே ஒரு தகர டப்பாவில் போட்டு வைத்தார். சாமான் வாங்க வரும் பிள்ளைகள் சீட்டைக் கொடுத்துவிட்டு நிற்கிற ஐந்து நிமிடத்தில் எடுத்துப் பார்க்கின்றன. பக்கம் அழுக்காகிறது, மூலை மடிகிறது. அழுக்கான பிறகுதான் பிள்ளைகள் பயப்படாமல் தொடுகின்றன என்கிறார். தம் மகனையும் கைப்பேசியிலிருந்து அந்த டப்பாவுக்கு மாற்றப் பார்த்தார். முழுதாக முடியவில்லை, பாதி முடிந்தது.

விலைக்கு வாங்க மனமில்லாதவர்கள் நூலகத்துக்குப் போகலாம். அதுவும் இலவசம் அல்ல, நாம் பணம் கட்டிய இடம். 1948-இல் சென்னை மாகாணத்தில் வந்த பொது நூலகச் சட்டம் சுதந்திர இந்தியாவில் இவ்வகையில் முதலாவது. அதன்படி வீட்டுக்கும் கடைக்கும் கட்டுகிற சொத்து வரியோடு, நூற்றுக்குப் பத்து வீதம் நூலக வரியும் சேர்ந்தே போகிறது. ரசீதை எடுத்துப் பாருங்கள். ஆண்டுதோறும் கட்டிவிட்டு அந்தப் பக்கமே போகாமல் இருப்பது, சரக்குக்குப் பணம் கொடுத்துவிட்டு மண்டியிலேயே விட்டு வருவதற்குச் சமம். உறுப்பினர் கட்டணமும் காப்புத் தொகையும் அற்பம். பள்ளிப் பிள்ளைகள் உள்ளவர்கள் இன்னொன்றும் கேட்கலாம். 2023-இல் அரசு வாசிப்பு இயக்கம் என்று தொடங்கி, நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில் சிறு சிறு கதைப் புத்தகங்களை அச்சிட்டு அரசுப் பள்ளிகளுக்குக் கொடுத்தது. உங்கள் பிள்ளையின் வகுப்பில் அவை பீரோவுக்குள் இருக்கின்றனவா, பிள்ளைகள் கையில் இருக்கின்றனவா என்று வாத்தியாரைக் கேட்பதில் தவறில்லை.

நேரம் என்பதுதான் கடைசியில் வந்து நிற்கிறது. நம் தொழிலில் மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை ஈ ஓட்டுகிற நேரம். பள்ளிக்குப் போகாத சிறு பிள்ளை வீட்டில் இருந்தால் அந்த நேரத்தில் பத்து நிமிடம் அதற்கு உரியது. சாப்பிட வீட்டுக்குப் போகிறவர் சாப்பிட்ட கையோடு ஒரு கதை வாசிக்கலாம். பள்ளிக்குப் போகிற பிள்ளைக்கு அது உதவாது. அதற்கு வாரத்தில் ஒரு நாள் இரவு கடையை ஒரு மணி முன்னால் சாத்தத்தான் வேண்டும். மாத நடுவில், சம்பளம் தீர்ந்துபோய்க் கடன் சொல்லி வாங்குகிற வாரத்தில், எட்டரைக்கு மேல் என்ன பெரிய வியாபாரம் நடந்துவிடுகிறது? கொசுவத்தியும் தீப்பெட்டியும்தான். அதை அடுத்த கடைக்காரர் விற்றுவிட்டுப் போகட்டும். முறை வைத்துக்கொண்டால் அடுத்த வாரம் அவருக்கு நாம் விட்டுக்கொடுக்கலாம். பேசி முடிவு செய்ய முடியாத விஷயம் அல்ல. மே 5 வணிகர் தினத்தன்று ஊர் முழுக்கக் கடையை அடைக்கிற நமக்கு, மாதம் நான்கு நாள் ஒரு மணி நேரம் முறை போட்டு அடைக்கத் தெரியாதா?

வாசிக்கத் தயங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. குரல் நன்றாக இல்லை, நடித்துச் சொல்ல வராது என்று சிலர் கூச்சப்படுகிறார்கள். பிள்ளை நம்மிடம் நாடகம் கேட்பதில்லை. ஒரே புத்தகத்தை இருபது தடவை கேட்கும், சலிக்கக் கூடாது. ஒரு வரியை விட்டுவிட்டுத் தாண்டினால் பிடித்துவிடும். எடையில் பத்து கிராம் குறைந்தால் பிடிக்கிற வாடிக்கையாளரைப் போன்றது அது. புத்தகம் இல்லாத நாளில் நம் சொந்தக் கதையைச் சொல்லலாம். முதன்முதலாகச் சரக்கு எடுக்கத் திருச்சி காந்தி மார்க்கெட்டுக்குப் போனது, லாரி வழியில் நின்றது, வெல்ல மூட்டை மழையில் கரைந்தது. தகப்பன் பயந்த கதை என்றால் பிள்ளைகள் விரும்பிக் கேட்கின்றன.

அடுத்த மாதக் கூட்டத்தில் இதைப் பேச்சுப் பொருளாக வைக்கக் கேட்டிருக்கிறோம். முதலாவது, இரவு முறை அடைப்பு பற்றி. இரண்டாவது, உறுப்பினர்கள் சேர்ந்து மொத்தமாகக் கதைப் புத்தகங்கள் வாங்கிப் பிரித்துக்கொள்வது பற்றி. ஆண்டுதோறும் புதுக்கோட்டையில் நடக்கும் புத்தகத் திருவிழாவில் கழிவுக்குக் கிடைக்கும். கடையில் புத்தகம் வைத்துப் பார்த்தவர்கள் வேறு யாரேனும் இருந்தால், எத்தனை போட்டீர்கள், எத்தனை விற்றது, எத்தனை திருடு போயிற்று என்று எழுதி அனுப்புங்கள். அந்தச் சிறுமியின் கேள்விக்குச் சரியான பதில் தெரிந்தவர்களும் எழுதலாம். அவள் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.